முதுவேனிலின் குளக்குடிகள்

ஓர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் ஆனியும் ஆடியும் முதுவேனிற் காலம். சித்திரையிலும் வைகாசியிலும் வாட்டிய வெயில் தணிவது போலத் தோன்றும். ஆயினும் தென்பாண்டி நாட்டின் கரிசல் வெளியில் அது முற்றும் தணிவதில்லை. மேற்கே குற்றால மலையில் சாரல் பொழியும். மலையைக் கடந்து வரும் காற்றோ, தன்னிடமிருந்த நீரையெல்லாம் மலைக்கே ஈந்துவிட்டு, வெறுங்கையோடு சங்கரன்கோவிற் சீமைக்கு வந்து சேரும். ஆடித்தபசுக்குத் திரளும் மக்கள் வெள்ளத்தை அவ்வூர் காணும். மழை வெள்ளத்தைக் காண ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

சங்கரன்கோவிலை அடுத்துள்ளது மேலநீலிதநல்லூர். கல்லூரியும் அமைந்த அவ்வூரில் பயிலும் மாணவர் ஒருவர், முதுவேனிலில் ஒரு மாலைப்பொழுது குளக்கரையில் நின்று பார்க்கிறார் எனக் கொள்வோம். குளத்தின் விளிம்பு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. நடுவே மட்டும் சிறிது நீர் தேங்கியுள்ளது. கரை ஓரத்தில் மயில் ஒன்று நடக்கிறது; தரிசு நிலத்தில் கவுதாரி கூவுகிறது. வற்றும் நீரின் நடுவே, நெடிய கால்களும் மஞ்சள் நிற அலகும் உடைய நாரைகள் சில, அலகை நீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டு நிற்கின்றன. இப்பறவைகள் எங்கிருந்து வந்தவை? மழைக்காலம் முடிந்து நெடுநாள் ஆகியும் இவை ஏன் இன்னும் இங்கே உள்ளன? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்டால், நம் நாட்டு வரலாற்றின் ஓர் அரிய பக்கம் நமக்குப் புலனாகும்.

மேலநீலிதநல்லூர் இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. 2019-ஆம் ஆண்டு வரை அது திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு பகுதி. அப்பழைய மாவட்டத்தின் தென்பால், நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு அருகில் கூந்தன்குளம் என்னும் சிற்றூர் உண்டு. திருநெல்வேலி நகரிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவு. கூந்தன்குளம், காடன்குளம் என்னும் இரண்டு பாசனக் குளங்கள் சேர்ந்த 129.33 ஹெக்டேர் பரப்பினை அரசு 1994-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2022-ஆம் ஆண்டில், உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சார் பட்டியலிலும் அதன் பெயர் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவில் நீர்ப்பறவைகள் பெருந்தொகையாகக் கூடு கட்டும் இடங்களுள் அது தலைசிறந்தவற்றுள் ஒன்று.

கூந்தன்குளத்தைப் பற்றி மக்கள் பேசும்போது ஒரு செய்தியைத் தவறாமல் கூறுவர். சைபீரியா முதலிய வடநாடுகளிலிருந்து பறவைகள் இங்கே வந்து, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளோடு தம் நாட்டுக்குத் திரும்புகின்றன என்பதே அது. கேட்க இனிய செய்தி. ஆயின் அதில் பாதியே உண்மை. இரண்டு வகைப் பறவைகளை ஒன்றாகக் கலந்துவிட்டதால் வந்த மயக்கம் இது.

முதல் வகையினர் விருந்தினர். வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி வலசை வருபவர். பட்டைத்தலை வாத்து அவர்களுள் ஒன்று. திபெத், மங்கோலியா முதலிய உயர்நிலங்களில் பிறந்து, இமயத்தையே கடந்து, தென்னகத்துக் குளங்களுக்கு வந்து மார்கழி, தை மாதங்களைக் கழிக்கும் பறவை அது. கழுத்தில் அடையாள வளையம் இட்டு மங்கோலியாவில் விடப்பட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். இவ்விருந்தினர் இங்கே உண்பர், உறங்குவர்; ஆனால் கூடு கட்டுவதில்லை. பங்குனி வெயில் ஏறும்போது வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடுவர். இந்த வழிப்பயணத்தை நம் பழம்புலவரும் அறிந்திருந்தனர். சத்திமுற்றப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடும்போது, தென்திசையிலிருந்து வடதிசைக்கு மீளும் பறவையாகவே அதனைக் கருதினார். பறவை நூல் என ஒன்று எழுதப்படாத காலத்தில் அந்த அறிவு பாட்டுக்குள் பதிந்திருந்தது.

இரண்டாம் வகையினர் நம் நாட்டுக் குடிகள். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கொக்கு வகைகள் ஆகியவை இவ்வகையின. இவை நீரைத் தேடி இந்திய நாட்டின் குளங்களிடையே ஊர் மாறும். ஆயினும் கடல் கடந்தோ மலை கடந்தோ வேறு தாயகம் தேடிச் செல்வதில்லை. கூந்தன்குளத்தின் கருவேல மரங்களிலும், ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலும் கூடு கட்டி முட்டையிடுபவை இவையே. முதுவேனிலில் நம் குளத்தில் நிற்கும் பறவைகள் இவ்வகையின. விருந்தினர் சென்ற பிறகும் வீட்டில் இருப்பவர் யார்? வீட்டுக்கு உரியவர் அல்லரோ! இப்பறவைகளும் அத்தகையனவே. ஆகவேதான் இவற்றைக் குளக்குடிகள் என்றேன்.

வடதமிழ்நாட்டு வேடந்தாங்கலில் மழைக்காலத்திலேயே கூடுகள் நிறைந்துவிடும். கூந்தன்குளத்தில் கூடு கட்டும் காலம் சற்றுப் பிந்தியது. வடகிழக்குப் பருவமழை பெய்து குளம் பெருகிய பின், தை மாதத்தை ஒட்டியே பணி மும்முரமாகும். இங்கே ஒரு சிறு கணக்கினைப் போட்டுப் பார்ப்போம். மஞ்சள் மூக்கு நாரை முட்டையிட்டு அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பொரித்த குஞ்சு சிறகு முற்றிப் பறக்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். கூழைக்கடாவுக்கும் ஏறத்தாழ இதே அளவு காலமோ, அதனினும் கூடுதலோ வேண்டும். கூடு கட்டும் நாட்களையும், பறக்கத் தொடங்கிய குஞ்சு தானே மீன் பிடிக்கப் பழகும் நாட்களையும் கூட்டினால் நான்கு மாதங்கள் கடந்துவிடும். தை இறுதியில் கட்டிய கூடு வைகாசியில் நிறைவுறும். பங்குனியில் கட்டிய கூடோ ஆனியிலும் ஆடியிலுமே நிறைவுறும்.

ஆகவே குளத்து நீர் ஆனி வரை நின்றாக வேண்டும். நீர் முன்னரே வற்றினால் இரண்டு கேடுகள் விளையும். குளத்து மீன் குறைந்து, தாய்ப்பறவை நெடுந்தொலைவு சென்று இரை தேட நேரும். மேலும், மரத்தைச் சுற்றி நின்ற நீர் அகழி போலக் காவல் செய்தது; அது வற்றியதும் நாயும் நரியும் மரத்தடிக்கு வந்துவிடும். நடுப்பகலில் நாரை தன் கூட்டின் மீது இரு சிறகுகளையும் விரித்துக் குடை பிடித்தாற்போல் நின்று, குஞ்சுக்கு நிழல் தரும். ஆனால் வெயிலுக்குக் குடை பிடிக்கத் தெரிந்த அத்தாய்க்குக் குளத்து நீரைக் காக்கத் தெரியுமா? தெரியாது. அதனைக் காக்க வேண்டியவன் மனிதனே.

இந்த இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது. கூந்தன்குளம் சரணாலயமானது 1994-இல் என்றோம். அதற்கு முன் பறவைகள் அங்கே இல்லையோ? இருந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அங்குக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதைக் கண்டு ரேனியஸ் என்பவர் எழுதிய குறிப்பு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1907-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆகச் சட்டத்தின் கை அக்குளத்துக்கு எட்டுவதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே பறவைகள் அங்குக் குடியிருந்தன. அந்த 90 ஆண்டுகளில் அவற்றைக் காத்தது யார்? வேலியும் இல்லை; காவலரும் இல்லை. ஊர் காத்தது.

ஊரார் காத்த முறை எளியது. பறவையை அடிப்பதில்லை, முட்டையை எடுப்பதில்லை, கூடுள்ள மரத்தை வெட்டுவதில்லை. பறவைகள் மிரளுமென்று வெடி வெடிப்பதையும் தவிர்த்து வந்தனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சினைத் தாய்ப்பறவையால் மீண்டும் தூக்கிச் செல்ல இயலாது. அத்தகைய குஞ்சுகளை ஊரார் எடுத்து, மீன் ஊட்டி வளர்த்து விட்டதும் நாடறிந்த செய்தியே. இதற்குக் கைம்மாறும் உண்டு. பறவை எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு நல்ல உரம். பறவை வரும் ஆண்டு மழை நிறைந்த ஆண்டு. ஆதலால் பறவையின் வருகை நல்ல விளைச்சலுக்கு அறிகுறியும் ஆயிற்று. அருளும் பயனும் கைகோத்து நின்ற காரணத்தால் அவ்வழக்கம் நிலைத்தது.

இத்தகைய வழக்கம் எழுத்தில் ஏறிய இடமும் தமிழ்நாட்டில் உண்டு. செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் அது. தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடர்கள் உலவிய தாங்கலென்றே அப்பெயருக்குப் பொருள் கூறுவர். வேட்டையாற் பெயர் பெற்ற ஊர் அடைக்கலத்தால் புகழ் பெற்றது வியப்பே! தம் ஏரியின் பறவைகளை எவரும் சுடலாகாது என்று ஊரார் வேண்ட, 1798-ஆம் ஆண்டில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவ்வுரிமையை ஒப்புக்கொண்டு கவுல் வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872-இல் அமைந்தது. பிரித்தானிய நாட்டில் கடற்பறவைகளைக் காக்கும் சட்டம் 1869-இல் பிறந்தது. இவ்விரண்டுக்கும் 70 ஆண்டுகளுக்கு மேல் முந்தியது, ஒரு தமிழ்ச் சிற்றூரின் உழவர் கேட்டுப் பெற்ற ஓலை. அவர்கள் புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை. தாம் முன்பே காத்து வந்த மரபினை அரசும் மதிக்க வேண்டுமென்றே கேட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

காப்பார் இல்லாத இடத்தில் நேர்ந்தது என்ன என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. பர்மா நாட்டில் சிட்டாங் ஆற்றின் சமவெளியில், 1877-ஆம் ஆண்டில், கூழைக்கடாக்களின் பெருங்குடியிருப்பு ஒன்றினை ஓட்ஸ் என்னும் பறவை ஆய்வாளர் கண்டு எழுதினார். பல மைல் பரப்புள்ள காடு முழுவதும் கூடுகளாகவே இருந்தது. அதுபோன்ற குடியிருப்பு உலகில் வேறெங்கும் உண்டோ என ஐயுறத் தக்க பெருமை உடையது அது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது சுவடின்றி மறைந்தது. எண்ணில் அடங்காத கூட்டம் அழிந்தது; ஒரு சிற்றூர்க் குளத்தில் வாழ்ந்த சிறு கூட்டமோ நின்று நிலைத்தது. பெருந்தொகை ஓர் இனத்துக்குக் காவல் ஆகாது. பக்கத்தில் வாழும் மக்களின் நல்லெண்ணமே காவல் என்னும் உண்மையை இவ்விரண்டு செய்திகளும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன.

இனிச் சட்டத்தின் வரலாற்றையும் சிறிது காண்போம். இந்திய நாட்டில் 1887-இல் காட்டுப் பறவைகளுக்கென ஒரு சட்டமும், 1912-இல் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் பொதுவாக ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இன்றைய சரணாலயங்களுக்கெல்லாம் அடிப்படை. அதன் துணையால் பழைய திருநெல்வேலிச் சீமையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பல காப்பிடங்கள் தோன்றின. வெளிமானுக்கு வல்லநாடு 1987-இலும், சாம்பல் நிற மலை அணிலுக்குத் திருவில்லிபுத்தூர் 1988-இலும், புள்ளிமானுக்குக் கங்கைகொண்டான் 2013-இலும் அடைக்கலம் ஆயின. எனினும் நீண்ட காலம் அச்சட்டத்தில் ஒரு குறை இருந்தது. மக்கள் வாழும் ஊரிலேயே, மக்களுடன் கலந்து வாழும் பறவைக்கு அதில் தனி இடமில்லை. 2002-ஆம் ஆண்டின் திருத்தம் அக்குறையை ஓரளவு நீக்கி, மக்களையும் காவலிற் பங்காளராக ஏற்கும் புதிய வகைக் காப்பகங்களுக்கு வழி செய்தது. தாமிரபரணிக் கரையில், திருக்கோயிலைச் சூழ்ந்த மரங்களில் நாரைகள் கூடு கட்டும் திருப்புடைமருதூர், 2005-ஆம் ஆண்டில் அவ்வகையிற் காப்பகமாயிற்று. இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது அதுவே. ஊர் வழக்கம் முன்னே செல்ல, சட்டம் அதன் பின்னே நடந்து வந்து சேர்ந்தது எனலாம்.

ஆயினும் மாணவ நண்பர்களே, சட்டத்தால் ஓர் எல்லைக்கல் நாட்ட முடியும். அந்த எல்லைக்குள் நீரை நிரப்ப முடியாது. கூந்தன்குளத்துக்கு நீர் மழையால் வருகிறது. 1958-இல் கட்டி முடிக்கப்பெற்ற மணிமுத்தாறு அணையின் கால்வாய் வழியாகவும் வருகிறது. அணை தொலைவில் உள்ளது. கால்வாயோ பல ஊர்களைக் கடந்து வருகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு வயலுக்கும் நீர் வேண்டும். தண்ணீர் குறைந்த ஆண்டில் உழவன் கேட்கும் கேள்வி நியாயமானதே: என் பயிர் வாடும்போது பறவைக்கு நீர் தேக்கலாமா? இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. பறவையைக் காத்தவனும் அந்த உழவனே. அவன் வயிறு வாடினால் அந்த வழக்கமும் வாடும். மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் கூடு கட்டாமலே வேறிடம் சென்றுவிடுவதுண்டு. அவ்வாண்டுகளில் ஊரும் குளமும் ஒருங்கே வறுமையுறும். பறவையின் நலமும் உழவனின் நலமும் ஒரே மடையில் பாய்கின்றன.

மற்றொரு செய்தியும் நினைவிற் கொள்ளத் தக்கது. 129 ஹெக்டேர் பரப்பில் உள்ள மீன், அங்குக் கூடும் பறவைகள் அனைத்துக்கும் போதுமோ? போதாது. அவை நாள்தோறும் சுற்றுப்புறக் குளங்களுக்கெல்லாம் பறந்து சென்று இரை தேடுகின்றன. குஞ்சுகள் சிறகு முற்றிய பின், ஆனி ஆடியில், கூட்டை விட்டுப் பிரிந்து, நீருள்ள இடங்களை நாடிப் பரவுகின்றன. அப்போது அவற்றுக்கு வேண்டியது, ஆழமற்ற நீரும் அதில் ஒதுங்கிய சிறுமீனும். பெருகிய குளத்தில் மீன் எங்கும் சிதறி மறையும். வற்றும் குளத்திலோ ஓரிடத்தில் ஒடுங்கும். மீன் பிடிக்கக் கற்கும் இளம்பறவைக்கு வற்றும் குளமே பள்ளிக்கூடம். மேலநீலிதநல்லூர்க் குளக்கரையில் நம் மாணவர் கண்ட நாரைகள் அங்கே நின்ற காரணம் இதுவே. அவை கூந்தன்குளத்திலே பிறந்தவையோ, திருப்புடைமருதூரிலே பிறந்தவையோ, யார் சொல்ல வல்லார்! எங்குப் பிறந்தாலும் அவற்றுக்கு எல்லாக் குளமும் சொந்தக் குளமே.

இதனால் ஒரு கடமை விளைகிறது. சரணாலயம் என்று பலகை நாட்டிய குளத்தை மட்டும் காத்து, பலகையற்ற நூறு குளங்களைக் கைவிட்டால், அந்த ஒரு குளமும் நாளடைவில் வெறுமையாகும். தூர் வாராமல் மேடிட்ட குளம், கரை உடைந்த குளம், உள்வாயில் ஆக்கிரமிப்பு ஏறிய குளம், சீமைக்கருவேலம் அடைத்த குளம் என இன்று நம் ஊர்களில் காணும் காட்சிகள் பல. முற்காலத்தில் குடிமராமத்து என்னும் முறையால் ஊரார் ஒன்றுகூடிக் கரை கட்டினர், மடை திருத்தினர், வரத்துக்காலைத் தூய்மை செய்தனர். பறவைக்கென்று அவர்கள் அதனைச் செய்யவில்லை. தம் நெல்லுக்கென்று செய்தனர். ஆயினும் பறவையும் அதனால் வாழ்ந்தது.

மாணவர்கள் இதில் செய்யக் கூடியது யாது? கரை கட்டும் வலிமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. கண்டதைக் குறிக்கும் ஆற்றல் எல்லார்க்கும் உண்டு. 2011-ஆம் ஆண்டு முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் கூடி நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். மாணவரும் அதிற் பங்கு கொள்கின்றனர். அதனைப் போல உங்கள் ஊர்க் குளத்துக்கு நீங்களே ஒரு குறிப்பேடு தொடங்கலாம். எந்த நாளில் குளம் நிறைந்தது, எந்த நாளில் மறுகால் பாய்ந்தது, விருந்துப் பறவை எப்போது சென்றது, முதுவேனிலில் எத்தனை நாரைகள் வந்தன, எந்த நாளில் கடைசி நீர் வற்றியது என்று ஆண்டுதோறும் எழுதுங்கள். பத்து ஆண்டுகளின் குறிப்பு ஒன்று சேர்ந்தால், அது ஊரார் கூட்டத்தில் பேசும், அலுவலகத்தில் பேசும், உங்கள் குளத்துக்காக வழக்குரைக்கும்.

1798-இல் ஓர் ஓலை எழுதப்பட்டதால் வேடந்தாங்கல் உழவரின் பெருமையை நாம் அறிகிறோம். 1907-இல் ஒரு குறிப்பு அச்சேறியதால் கூந்தன்குளத்தின் பழமையை அறிகிறோம். எழுதப்படாத குளங்கள் எத்தனையோ! அவற்றிலும் பறவைகள் வாழ்ந்திருக்கும். அவற்றையும் நல்லோர் காத்திருப்பர். குளமும் போய், அதனைப் பற்றிய நினைவும் போய், பெயரின் கடைசியில் குளம் என்னும் சொல் மட்டும் எஞ்சிய ஊர்கள் நம்மிடையே உண்டு. உங்கள் ஊர் அவ்வரிசையிற் சேராதிருக்க வேண்டுமாயின், அடுத்த முதுவேனிலில் நீர் வற்றும் முன்பே குளக்கரைக்குச் செல்லுங்கள். அங்கு நிற்கும் குடிகளை எண்ணி எழுதுங்கள்.